காட்டில் பழங்காசு கிடைத்தால்: இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டருடன் இறங்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயல்களிலும் சிறுகாடுகளிலும் பழைய பொருள்களைத் தேடுவது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்குதான். ஆனால் அந்த அனுமதி எந்தெந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதைக் கருவி விற்கும் கடையில் யாரும் சொல்வதில்லை. கென்ட் பகுதியில் ஒரு விவசாயிக்குச் சொந்தமான காட்டில் எனக்கு ஒரு வெள்ளிப் பென்னி கிடைத்தபோது, அது யாருக்கு உரியது, யாரிடம் காட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் ஆகிய கேள்விகளுக்கு விடை தேடி வெவ்வேறு அலுவலகங்களின் பக்கங்களைச் சட்ட ஆங்கிலத்தில் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழில் ஒரே இடத்தில் இருந்தால் அடுத்தவருக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லியிருப்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே தனிக்காசு ஒன்றே கிடைத்தாலும் எடின்பரோவில் உள்ள ட்ரெஷர் ட்ரோவ் என்ற புதையல் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். வட அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் தொல்பொருளைத் தேடித் தோண்டுவது குற்றம். அயர்லாந்துக் குடியரசில் தொல்பொருள் தேடும் நோக்கத்தோடு கருவியைப் பயன்படுத்தவே அரசின் ஒப்புதல் வேண்டும். விடுமுறைக்குப் போகும்போது கருவியைக் காரில் போட்டுக்கொண்டு போகும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

1. காடு யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

காட்டுக்குள் பொது நடைபாதை ஓடுகிறது, ஊரே நாயை அழைத்துக்கொண்டு அந்த வழியாகப் போகிறது, ஆகவே நாமும் கருவியோடு போகலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் விழும் முதல் பள்ளம். நடைபாதை உரிமை நடப்பதற்கு மட்டுமே உரியது. 2000 ஆம் ஆண்டின் கிராமப்புற வழியுரிமைச் சட்டத்தின் கீழ் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நிலங்களிலும் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, அதைக் கையில் வைத்திருப்பதே உங்களுடைய நுழைவுரிமையை இல்லாமல் ஆக்கிவிடும். அனுமதியின்றி நுழைவது அத்துமீறல். அங்கிருந்து ஒரு பொருளை எடுத்துவருவது திருட்டு.

பெரிய காடுகளைப் பொறுத்தவரை நேரத்தை வீணாக்க வேண்டாம். அவற்றை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து, நேஷனல் டிரஸ்ட், உட்லண்ட் டிரஸ்ட் ஆகிய மூன்று அமைப்புகளும் பொழுதுபோக்குத் தேடலைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பாதுகாப்புத் துறையின் நிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. எஞ்சி இருப்பவை விவசாயிகளுக்கும் தனியார் எஸ்டேட்டுகளுக்கும் சொந்தமான சிறுகாடுகள்தான், நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியதும் அங்கேதான். அருகிலுள்ள பண்ணை வீட்டில் விசாரித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அரசின் நிலப்பதிவகமான ஹெச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் வரைபடத்தைக் காட்டி உரிமைப் பதிவின் நகலை வாங்கலாம். 2024 டிசம்பர் முதல் ஒரு நகலுக்கு 7 பவுண்டு வாங்குகிறார்கள். தலைமுறைகளாக ஒரே குடும்பத்திடம் இருக்கும் நிலங்கள் சில இன்னும் பதிவே ஆகாமல் இருக்கின்றன என்பதால் பணம் கட்டும் முன் பதிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் ஒருவராகவும் குத்தகைதாரர் வேறொருவராகவும் இருந்தால் இருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். காடுகளில் இதற்கு மேல் மூன்றாமவர் ஒருவரும் உண்டு: வேட்டை உரிமையை வாடகைக்கு எடுத்திருப்பவர். ஃபெசன்ட் என்ற காட்டுப்பறவையின் வேட்டைக் காலம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அந்த மாதங்களில் உரிமையாளர் தலையாட்டிவிட்டார் என்பதற்காகக் காட்டுக்குள் போனால், பறவைகளைக் கலைத்துவிட்டதாக வேட்டைக் காவலாளி சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

2. பாதுகாக்கப்பட்ட நிலமா என்று பாருங்கள்

உரிமையாளர் அனுமதித்தாலும் சட்டம் அனுமதிக்காத இடங்கள் உண்டு. 1979 ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட தொல்சின்னம் இருக்கும் இடத்தில் தொல்சின்னங்களைக் காக்கும் அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். எதையும் தோண்டி எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேல்ஸில் இந்தப் பொறுப்பு காடு (Cadw) என்ற அமைப்பிடம் இருக்கிறது. பெயரைப் படித்துவிட்டு நம் காடு என்று எண்ணிவிட வேண்டாம். காட்டுக்குள் புல்லும் புதரும் மூடிக் கிடக்கும் மண்மேடு வெண்கலக் காலத்துப் புதைமேடாகவோ இரும்புக் காலத்துக் கோட்டைக் கரையாகவோ இருக்கக்கூடும், பார்த்தால் தெரியாது.

மேஜிக் என்ற அரசு வரைபடத் தளத்தில் இடத்தைத் தேடி, தொல்சின்னங்கள், எஸ்.எஸ்.எஸ்.ஐ. எனப்படும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகள், தொன்மைக் காடுகள் ஆகிய அடுக்குகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். கட்டணம் கிடையாது. 1600 ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருந்துவரும் இடத்தைத்தான் தொன்மைக் காடு என்கிறார்கள். அங்கே தேடக் கூடாது என்று நேரடித் தடை இல்லாவிட்டாலும், நான்கு நூற்றாண்டுகளாக ஏர் படாத மண் என்பதை நினைவில் வையுங்கள். எஸ்.எஸ்.எஸ்.ஐ. பகுதியில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலும் தேவைப்படும். விவசாயி அரசின் சுற்றுச்சூழல் மானியம் வாங்கியிருந்தால் அந்த ஒப்பந்தத்திலும் மெட்டல் டிடெக்டருக்கு நிபந்தனை இருக்கலாம். அவரிடமே கேளுங்கள், கேட்டால் உங்கள்மேல் மதிப்புதான் கூடும்.

திரையில் கண்ட வரைபடத்தை அன்றைய தேதியுடன் சேமித்து வையுங்கள்.

3. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வாய்மொழி அனுமதியும் சட்டப்படி செல்லும். ஆனால் காசு கிடைத்த மறுநாள் இருவருக்கும் நினைவு வேறு வேறாக இருக்கும்.

காரணம் இதுதான். மண்ணுக்குள் கிடக்கும் பொருள், அது சட்டம் சொல்லும் புதையல் (7 ஆம் படியில் பார்க்க) அல்லாதபோது, நில உரிமையாளருக்கே உரியது. கண்டெடுத்தவருக்குப் பங்கு கிடைப்பது உடன்பாட்டினால்தான். 2021 இல் டெவன் பகுதியின் ஹெமியாக் கிராமத்து வயல் ஒன்றில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றியின் தங்கப் பென்னி ஒன்று மெட்டல் டிடெக்டரில் சிக்கியது. 2022 ஜனவரியில் நடந்த ஏலத்தில் கட்டணங்கள் உட்பட அது 6,48,000 பவுண்டுக்குப் போனது. தங்கமாக இருந்தும் ஒற்றைக்காசு என்பதால் அது சட்டத்தின் பார்வையில் புதையல் அல்ல. அரசு நியமிக்கும் குழு எதுவும் பங்கு பிரித்துத் தராது. இப்படி ஒரு காசு உங்கள் கையில் வந்தால் உங்களுக்கும் நிலத்துக்காரருக்கும் நடுவே நிற்கக்கூடியது ஒரு தாள் மட்டுமே.

அந்தத் தாள் ஒரு பக்கம் போதும். இரு தரப்பின் பெயரும் முகவரியும், எல்லையைக் குறித்த வரைபடம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்த மாதங்களில் வரக் கூடாது, புதையல் அல்லாத பொருள்களில் யாருக்கு எவ்வளவு, விற்பதானால் இருவர் ஒப்புதலும் வேண்டுமா, கண்டெடுத்தவற்றைப் பதிவு செய்ய உரிமையாளர் சம்மதிக்கிறாரா ஆகியவை இருந்தால் சரி. பாதிக்குப் பாதி என்பது வழக்கம். மாதிரிப் படிவங்களை மெட்டல் டிடெக்டர் சங்கங்கள் வைத்திருக்கின்றன. குத்தகைதாரர் இருந்தால் அவருடைய கையெழுத்தையும் அதே தாளில் வாங்கிவிடுங்கள்.

4. காப்பீடும் கருவியும்

நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் என்ற அமைப்பில் உறுப்பினரானால் 1 கோடி பவுண்டு வரை பொதுப் பொறுப்புக் காப்பீடு அதனுடன் சேர்ந்தே வருகிறது. ஆண்டுச் சந்தா ஒரு குடும்பம் ஒருமுறை வெளியே சாப்பிடும் செலவைவிடக் குறைவு. நிலத்துக்காரரிடம் முதன்முதலில் பேசப் போகும்போது அந்த உறுப்பினர் அட்டையைக் காட்டுங்கள். முன்பின் தெரியாத ஒருவரைத் தன் காட்டுக்குள் விட அவருக்கு அதுவே பாதித் துணிவைத் தரும்.

தொடக்கநிலைக் கருவி ஒன்று சுமார் 200 முதல் 350 பவுண்டுக்குள் கிடைக்கும். 1,000 பவுண்டைத் தாண்டும் கருவிகளைப் புதியவர் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரிந்தவரை எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, காசு கிடக்கும் இடத்தை நெருங்கிக் காட்டும் பின்பாயிண்டர் என்ற கையடக்கக் கருவி ஒன்றில் நூறு பவுண்டை ஒட்டிச் செலவிடுவது காட்டில் பயன்தரும். வேர்களுக்கிடையே விரல்நுனி அளவுக் காசைத் தேடும்போது பெரிய கருவி உதவாது. நல்ல மண்வெட்டி, கையுறை, அடைத்து மூடும் சிறு பிளாஸ்டிக் பைகள், அழியாத மை பேனா இவ்வளவும் போதும். உண்ணி கடிக்கும் என்பதால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

5. காட்டில் தோண்டும் முறை

உழுத வயலில் காசு ஏற்கெனவே இடம்பெயர்ந்து கிடக்கிறது. அதை எடுப்பதால் பெரிய இழப்பில்லை. காட்டில் அப்படியில்லை, விழுந்த அடுக்கிலேயே கிடக்கக்கூடும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான பொறுப்பான தேடல் நெறிமுறை உழுத நிலத்தில் தேடுவதையும், உழவு எட்டும் ஆழத்துக்குக் கீழே போகாதிருப்பதையும் வலியுறுத்துவது இதனால்தான். முதல் ஆண்டை உழுத வயலிலேயே கழித்து, கருவியின் ஒலி பழகிய பிறகு காட்டுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

போனால், இலைக்குப்பையைக் கையால் ஒதுக்கி, மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மண்ணை மூடிபோல் ஒரு பக்கமாகத் திருப்புங்கள். பெரிய வேரை வெட்ட வேண்டாம். உரிமையாளர் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புளூபெல் என்ற காட்டுப்பூ பூத்திருக்கும் வசந்தத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். பேட்ஜர் என்ற விலங்கின் வளைகளுக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. குழியை மூடி, இலையைப் பரப்பி, தோண்டிய தடமே தெரியாமல் விட்டுச் செல்லுங்கள்.

காட்டில் உங்களுக்கு மிகுதியாகக் கிடைக்கப்போவது வேட்டைத் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகம். அவை எழுப்பும் ஒலி சிறு வெள்ளிக்காசின் ஒலியை ஒத்திருப்பதால் அவற்றுக்குக் கருவி ஒலிக்காதபடி அமைத்துவிட்டால் காசும் சேர்ந்து போய்விடும். பொறுமையாகத் தோண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பயிற்சி நடந்த காடுகளில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. உருளையான இரும்பு எதையாவது கண்டால் தொடாமல் விலகி, 999 ஐ அழையுங்கள்.

ஒரு காசு அல்ல, பல காசுகள் ஒட்டிக் கிடக்கின்றன, அல்லது பானையின் விளிம்பு தெரிகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 2010 இல் சோமர்செட்டில் ஃப்ரோம் அருகே ஒரு பானையைக் கண்டவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களை அழைத்தார். 52,503 ரோமானியக் காசுகள் அடுக்கடுக்காக எந்த வரிசையில் இடப்பட்டன என்பதுவரை பதிவாயிற்று. நிறுத்தாமல் தோண்டினால் பிறகு வரும் வெகுமதியை (9 ஆம் படியில் பார்க்க) குறைக்கவும் விதி இடம் தருகிறது.

6. காசு கைக்கு வந்த முதல் பத்து நிமிடம்

தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிவிட்டால் ஆராய்ச்சி மதிப்பும் விலையும் ஒருசேரப் போய்விடும். வினிகர், எலுமிச்சை, பற்பசை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இலை மக்கிய காட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது என்பதால் செப்புக்காசுகள் ஏற்கெனவே அரித்துப்போய்த்தான் வரும்; மேல்தோலில் மட்டுமே எழுத்து எஞ்சியிருக்கும், விரலால் தேய்த்தாலே அது உதிரும்.

எடுத்த நிலையிலேயே இரு பக்கமும் ஒளிப்படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். பிறகு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் இலவசச் செயலியான ஓ.எஸ். லொகேட்டில், வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் கட்ட எண்ணைப் பார்த்துக் குறியுங்கள். எட்டு இலக்க எண் 10 மீட்டர் வரை சரியாக இருக்கும், பத்து இலக்கம் 1 மீட்டர் வரை. மரங்களின் கீழ் செய்மதிச் சமிக்ஞை தடுமாறும். சில நிமிடம் அசையாமல் நின்று இருமுறை குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பையின் மேல் தேதி, எண், ஆழம் மூன்றையும் எழுதுங்கள். ஆல்பங்களில் வரும் மெல்லிய பி.வி.சி. உறைகள் காசைக் கெடுக்கும், வேண்டாம்.

7. புதையலா, வெறும் காசா

1996 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் காசுகளுக்கு விதித்திருக்கும் அளவுகோலைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே கண்டெடுப்பைச் சேர்ந்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காசுகள், 300 ஆண்டுக்குக் குறையாத பழமையுடையவை, எடையில் 10 விழுக்காடாவது தங்கமோ வெள்ளியோ கொண்டவை என்றால் அவை புதையல். செம்பு, வெண்கலம் போன்ற காசுகளானால் குறைந்தது பத்து இருக்க வேண்டும். ஒற்றைக்காசு பொதுவாகப் புதையல் ஆகாது.

பொறி எங்கே இருக்கிறது என்றால், "ஒரே கண்டெடுப்பு" என்பது ஒரே நாள், ஒரே குழி என்று பொருள்படாது. இந்த மாதம் ஒரு வெள்ளிக்காசும் அடுத்த மாதம் அதற்குச் சில மீட்டர் தள்ளி அதே காலத்து இன்னொன்றும் கிடைத்தால், சிதறிய ஒரே சேமிப்பின் பகுதிகளாக அவை கருதப்படலாம். அப்போது முதல் காசும் புதையல் கணக்கில் சேரும். இரண்டாவது பொறி, துளையிட்டோ கொக்கி வைத்தோ நகையாக மாற்றப்பட்ட பழைய தங்க, வெள்ளிக் காசு. அது காசாக அல்லாமல் பொருளாக எண்ணப்படுவதால் ஒன்றே போதும். இதுபோக, 2023 ஜூலை 30 முதல் இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது: 200 ஆண்டுக்கு மேற்பட்டு, உலோகம் கலந்து, தனிச்சிறப்பான முக்கியத்துவம் உடைய பொருள் எந்த உலோகமானாலும் புதையல் ஆகலாம். ஐயம் இருந்தால் புதையல் என்றே கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

8. பதினான்கு நாள்

புதையலைக் கண்டெடுத்த நாளிலிருந்து, அல்லது அது புதையலாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து, 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். இறப்புகளை விசாரிக்கும் அதே அதிகாரிதான் புதையலையும் விசாரிக்கிறார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். தெரிவிக்கத் தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும்.

நடைமுறையில் நீங்கள் கொரோனருக்கு நேரடியாக எழுத வேண்டியதில்லை. கண்டெடுத்தவற்றைப் பார்த்துப் பதிவு செய்ய ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஃபைண்ட்ஸ் லையசன் ஆபீசர் ஒருவர் இருக்கிறார். இதற்கான பதிவுத் திட்டமான போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் தளத்தில் உங்கள் பகுதிக்குரியவரைக் காணலாம். அவரை நேரில் சந்திக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால், அன்றே படங்களையும் இடத்தையும் தேதியையும் மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். பதினான்கு நாள் கணக்கில் உங்கள் பக்கம் நிற்கும் சான்று அதுதான். காசை ஒப்படைக்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஒற்றைக்காசைப் பதிவு செய்வது சட்டக் கட்டாயம் அல்ல, இருந்தும் செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை. அடையாளம் கண்டு, எடைபோட்டு, எண் கொடுத்துத் திருப்பித் தருவார்கள். வேலை குவிந்திருப்பதால் மாதங்கள் ஆகலாம். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் துல்லியமான இடம் காட்டப்படாது என்பதை நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஊரார் தன் காட்டுக்குப் படையெடுப்பார்கள் என்ற அவருடைய அச்சம் தணியும்.

மறைத்தவர்களின் கதை தெரிய வேண்டுமென்றால் லெம்ஸ்டர் வழக்கைப் பாருங்கள். 2015 இல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலத்துப் புதையலைக் கண்டெடுத்து அறிவிக்காமல் விற்ற இருவருக்கு 2019 இல் பத்து ஆண்டும் எட்டரை ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. சுமார் 300 காசுகள் இருந்ததாகக் கருதப்பட்டதில் அந்த வழக்கின்போது மீட்கப்பட்டிருந்தவை 31.

9. அதன் பிறகு எவ்வளவு காலம்

பிரிட்டிஷ் மியூசியம், வேல்ஸானால் அங்குள்ள தேசிய அருங்காட்சியகம், அறிக்கை தயாரிக்கும். எந்த அருங்காட்சியகமும் வாங்க விரும்பாவிட்டால் பொருள்மீதான அரசின் உரிமை கைவிடப்பட்டு, நிலத்துக்காரர் ஆட்சேபிக்க 28 நாள் அவகாசம் கொடுத்து, உங்களிடம் திரும்பும். அப்போதும் உங்கள் உடன்படிக்கைத் தாள்தான் பேசும். அருங்காட்சியகம் ஏதாவது விரும்பினால் கொரோனர் விசாரணை நடத்துவார், பிறகு ட்ரெஷர் வேல்யுவேஷன் கமிட்டி என்ற மதிப்பீட்டுக் குழு சந்தை விலையைப் பரிந்துரைக்கும். மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் நீங்களே வேறொரு நிபுணரின் மதிப்பீட்டை அனுப்பலாம். வெகுமதி வழக்கமாக உங்களுக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப்பாதி. அனுமதியின்றி நுழைந்தவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

ஓராண்டுக்குள் முடிப்பது குறிக்கோள் என்றாலும் அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். 2019 ஜனவரியில் சோமர்செட்டில் கிடைத்த செவ் வேலிப் புதையலில் 2,584 வெள்ளிக்காசுகள் இருந்தன. 43 லட்சம் பவுண்டு மதிப்பில் அது அருங்காட்சியகத்துக்கு வாங்கப்பட்டது 2024 இல்.

10. விற்பதும் ஊருக்கு எடுத்துச் செல்வதும்

விற்பதானால் பதிவு எண்ணும் உடன்படிக்கையின் நகலும் கையில் இருக்கட்டும். நேர்மையான ஏல நிறுவனம் அவற்றைக் கேட்கும், கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள்.

கிடைத்த காசை அப்பாவிடம் காட்டலாம் என்று விமானத்தில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டு போகும் எண்ணம் நம்மவர்களுக்கு இயல்பாகவே வரும். பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம், பொருளின் விலை குறைவு என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. உரிமம் வழங்குவது ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். போய் இறங்கும் நாட்டின் சுங்க விதியையும் தனியாகப் பாருங்கள். அதுவரை அப்பாவுக்கு ஒளிப்படத்தை அனுப்பி வையுங்கள்.